பொன்னி வீட்டுக்குள் தூங்கலாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் தரைவீட்டில் இருக்கிறோம். மகனின் பாலர் பள்ளியில் முட்டைகளைப் பொரிக்க வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். அதில் ஒரு குஞ்சைக் கேட்டு வாங்கி வந்தோம். இப்போது அது வளர்ந்து முட்டையிடுகிறது. பெயர் பொன்னி. நாள் முழுக்க வீட்டுக்குள்தான் இருக்கும், இரவில் என் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கூடையில் தூங்கும். 3 வயது மகன் அதற்கு முத்தம் கொடுக்காமல் படுக்கப் போகமாட்டான். அம்மாவுக்கு 68 வயது. முடக்குவாதத்துக்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக வறட்டு இருமல் வேறு. ஏர்கான் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார். கோழியை வெளியே விடச் சொல்கிறார் கணவர். அம்மாவோ, “அந்தக் காலத்துக் கம்பத்தில், கிராமத்து வீட்டில், கோழியோடுதான் வளர்ந்தோம், யாருக்கு என்ன ஆச்சு?” என்கிறார். கோழியை வீட்டுக்குள் வளர்ப்பது தவறா? டயப்பர் கட்டிவிட்டால் போதுமா?

பதில்: கோழிக்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த இரண்டு மாத வறட்டு இருமல்தான் எனக்கு உறுத்துகிறது. இந்த வாரமே அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அடுத்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைப் போடுவதற்கு முன்பே போய்விடுங்கள். மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

அது நல்ல மருந்து. எத்தனையோ பேரின் கைவிரல்கள் கோணாமல் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். அது வறட்டு இருமலாகத்தான் தொடங்கும். எதிர்ப்புச் சக்தியையும் கொஞ்சம் தாழ்த்திவிடுவதால், இருமல் மூன்று வாரத்தைத் தாண்டினால் காசநோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் அது இன்னும் முழுசாக ஒழியவில்லை, முதியவர்களிடம் இன்றும் பார்க்கிறோம். மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கலாம். அது பொன்னி.

பொன்னியின் கூடைக்குப் பக்கத்தில் இருக்கும் மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். மாவு மாதிரி வெளுத்த தூசி விரலில் ஒட்டும். இறகிலிருந்து உதிரும் செதிலும், காய்ந்து பொடியான எச்சமும் கலந்த தூசி அது. அதில் இருக்கும் புரதங்களை நாள்தோறும் சுவாசித்தால், சிலருடைய நுரையீரல் அவற்றை எதிரியாக எண்ணி வீங்கிக்கொள்கிறது. ‘பறவை வளர்ப்போர் நுரையீரல்’ என்று மருத்துவத்தில் சொல்வோம். புறாவும் கிளியும் வளர்ப்பவர்களிடம் அதிகம், கோழியாலும் வரும். தூசி நிறையப் போன அன்று சிலருக்கு நாலைந்து மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் குளிரும் வரும். வேறு சிலருக்குச் சத்தமே இல்லாமல் இருமல் வந்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி, எடையும் குறையும். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் நுரையீரலில் தழும்பு விழுந்துவிடும், பிறகு அதை மாற்ற முடியாது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் இருமலோடு என்னிடம் வந்தார். இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தேன், கேட்கவில்லை. மூன்றாம் முறை வந்தபோது சட்டைத் தோளில் சின்னதாக ஒரு சாம்பல் இறகு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பறவை வளர்க்கிறீர்களா என்று கேட்டேன். படுக்கையறை ஜன்னலோரம் நான்கு கூண்டுகளில் மெர்போக் புறா வைத்திருந்தார். கூண்டுகள் அறையை விட்டுப் போன பிறகு இருமலும் மெல்ல மெல்லப் போனது. இந்த ஊரில் 68 வயது அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் கோழி தூங்கும் என்று எந்த மருத்துவருக்கும் தானாகத் தோன்றாது. அதனால் உள்ளே போனதும் கோழி இருக்கிறது என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே ஆரம்பத்தில் சரியாகவே தெரியலாம், ஸ்கேன் தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். இன்றிரவிலிருந்தே பொன்னியை அந்த அறையில் தூங்கவிடாதீர்கள். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை.

அடுத்து உங்கள் மகன். நல்ல ஆரோக்கியமான கோழியின் குடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். கோழிக்கு ஒன்றும் செய்யாது, எச்சத்தில் வந்துகொண்டே இருக்கும். அது காலிலும் இறகிலும் அலகிலும் ஒட்டி, அங்கிருந்து சோபாவுக்கும் தரைக்கும் போகிறது. 3 வயதுப் பிள்ளை என்ன செய்வான்? கோழியைத் தடவுவான், அதே கட்டைவிரலை வாயில் வைப்பான். அவ்வளவுதான் வேண்டும். 6 மணி நேரத்திலிருந்து 6 நாளுக்குள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி வரலாம். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். 5 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 65 தாண்டியவர்களுக்கும்தான் கிருமி ரத்தத்துக்குள் போகும் அபாயம் கூடுதல். உங்கள் வீட்டில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். அதிலும் அம்மாவுக்கு இன்னொரு சிக்கல்: வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றினால் சிறுநீரகம் சோர்ந்து, மெத்தோட்ரெக்சேட் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடும். சாதாரண வயிற்றுப்போக்கு என்று வீட்டிலேயே வைத்துப் பார்க்கக் கூடாத ஆள் அவர்.

டயப்பர் எச்சத்தைப் பிடிக்கும். தூசியைப் பிடிக்காது, காலைச் சுத்தமாக்காது. அதைக் கழற்றி மாற்றுகிற கைதான் அப்புறம் சமையலறைக் குழாயைத் திருகும். ஈரமான எச்சம் தோலிலேயே கிடந்தால் பொன்னிக்கும் புண்ணாகும்.

முட்டை பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கோப்பிக் கடைப் பழக்கத்தில் காயா டோஸ்ட்டோடு அரைவேக்காட்டு முட்டை சாப்பிடும் வீடாக இருந்தால், அம்மாவுக்கும் பையனுக்கும் பொன்னியின் முட்டையை அப்படிக் கொடுக்காதீர்கள். கிருமி ஓட்டுக்கு உள்ளேயும் இருக்கக்கூடும். மஞ்சள்கரு கெட்டியாகும்வரை வேகவையுங்கள். ஓட்டில் அழுக்கு இருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள், பச்சைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், அழுக்கு உள்ளே இழுக்கப்படும்.

சரி, அம்மாவின் கம்பத்துக்கு வருவோம். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் கம்பத்துக் கோழி எங்கே தூங்கியது என்று அவரையே கேட்டுப் பாருங்கள். கொல்லைக் கூண்டிலோ, மரக்கிளையிலோ, பலகை வீட்டுக்கு அடியிலோ இருந்திருக்கும். பகலெல்லாம் வெயிலிலும் மண்ணிலும் திரிந்திருக்கும். எச்சம் வெயிலில் காய்ந்தது, தூசி காற்றோடு போனது. ஜன்னலைச் சாத்தி ஏர்கான் போட்ட அறையில், தலையணைக்கு ஒரு முழம் தள்ளி எந்தக் கோழியும் படுத்ததில்லை. அன்றைக்கு அம்மாவும் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடாத சின்னப் பெண்.

ஆகவே என் பதில்: பொன்னியை வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வெளியே வையுங்கள். யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கோழியோடு பேசிக்கொண்டே பொழுதைப் போக்கும் ஒரு பாட்டிக்கு அந்த உறவு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். கோழிக்கும் வெளிதான் நல்லது. அதற்கு மண்ணில் புரண்டு குளிக்க வேண்டும், கிளற வேண்டும், வெயில் வேண்டும். பளபளப்பான டைல்ஸ் தரையில் இதெல்லாம் நடக்காது. கோழி கூட்டமாக வாழும் பறவை, இன்னொரு பெட்டைக் கோழி துணைக்கு இருந்தால் இன்னும் நல்லது.

தரைவீட்டில் 10 கோழிகள்வரை வளர்க்கலாம், காட்டுப் பறவைகள் நுழையாதபடி வலை போட்ட இடமாக இருக்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் கோழிக்கு அனுமதியே இல்லை. இதைப் படித்துவிட்டு ஆசைப்படுபவர்களுக்காகச் சொல்கிறேன். வலையை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். செப்டம்பரிலிருந்து மார்ச்வரை வடக்கேயிருந்து வலசைப் பறவைகள் சுங்கை பூலோ சதுப்புநிலப் பக்கம் வந்து இறங்குகின்றன. பறவைக் காய்ச்சல் காட்டுப் பறவைகள் வழியாகவும் பரவும். 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 கிருமி 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றது. பொன்னி எந்நேரமும் உங்கள் வீட்டு வலைக்குள் இருந்தால் அந்தப் பயம் வெகுவாகக் குறையும்.

கூண்டை அம்மா சுத்தம் செய்யக் கூடாது. நீங்களோ கணவரோ முகக்கவசம் போட்டு, எச்சத்தில் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு அள்ளுங்கள். காய்ந்தபடியே பெருக்கினால் அத்தனையும் மூக்குக்குத்தான் போகும். கொல்லைக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள், அது வாசல்படியைத் தாண்டக் கூடாது. தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு முட்டையிட்டு டெங்கியையும் விலைக்கு வாங்கிவிடுவீர்கள். பையன் இரண்டு வருடம் போகட்டும், பிறகு தொடலாம். அதுவரை வலைக்கு இந்தப் பக்கம் நின்று சோளம் போடட்டும். போட்டு முடித்ததும் சோப்பு போட்டு, நீங்கள் கூடவே நின்று, 20 வினாடி கை கழுவ வேண்டும். முத்தம் மட்டும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் அழுவான். வலைக்கு இந்தப் பக்கமிருந்து ‘குட் நைட்’ சொல்லப் பழக்குங்கள், பிள்ளைகள் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள்.

அம்மாவை அழைத்துப் போகும்போது மருந்து அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். கோழி வீட்டுக்குள் எப்போது வந்தது, இருமல் எப்போது தொடங்கியது, இரண்டு தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நுரையீரல் சோதனையின் முடிவு தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள்.