துவக்கின் செய்கூலி

வணக்கம் ஐயா,

இறைப்பு மெசின் பற்றி நீங்கள் எழுதியவற்றை ஒன்றுவிடாமல் வாசிக்கிறவன் நான். இதுவும் இரும்புச் சங்கதிதான் என்பதால் துணிந்து எழுதுகிறேன். இருப்பது ஸ்காபரோவில், சொந்த ஊர் ஒட்டுசுட்டான் பக்கம். பத்து வருடமாக, உரிய லைசென்சோடு, ஒன்ராறியோவின் வடக்கே மான் வேட்டைக்குப் போய் வருகிறேன். அனுமதிச்சீட்டு விழுகிற வருடத்தில் மூஸ் என்கிற பெரிய மான் வேட்டையும் உண்டு. கையில் இருப்பது 1,300 டொலருக்கு வாங்கிய டிக்கா றைபிள், மரச்சோங்கு (தோளில் ஊன்றுகிற கட்டை).

என்னோடு வருகிற வெள்ளைக்கார நண்பர் தன் உடம்பு அளவுக்கென்றே ஒரு றைபிள் செய்விக்கிறார். மௌசர் அமைப்பு, துருக்கி வால்நட் கட்டை, முழுக்கக் கைவேலை. 14,500 டொலர். இரண்டு வருடம் காத்திருக்க வேண்டுமாம். 100 யார் (கஜம்) தூரத்தில் மூன்று வெடியும் அரை அங்குலத்துக்குள் விழும் என்று உத்தரவாதம் கொடுக்கிறார்கள். என்னுடையது ஒரு அங்குலம். போதாததற்கு அது தோளில் இடிக்கிறது, போன வருடம் ஸ்கோப் (குறிபார்க்கிற தூரக்கண்ணாடி) புருவத்தையும் கிழித்துவிட்டது. எனக்கும் ஒன்று சொல்லி வைக்கலாமா என்று மனம் இழுக்கிறது. மனைவி, “அந்தக் காசுக்கு ஒரு பழைய கார் வாங்கலாம்” என்கிறா. அப்பா இடியன் துவக்கோடு காட்டுக்குப் போய் ஒரே வெடியில் பன்றியோடு வருகிறவர். புதியதில் அவருடைய பெயரை வெட்டுவிக்க வேண்டும் என்றும் ஓர் ஆசை. இந்தக் காசு தகுமா ஐயா?

ம., ஸ்காபரோ

*

அன்புள்ள ம. தம்பிக்கு,

துவக்கு என்ற சொல்லைக் கேட்டால் இங்கே பலருக்கு வேறு நினைவுகள் வரும். அதனால் உங்கள் கடிதத்தைப் போடுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். கைவேலைக்கு என்ன விலை என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் வேட்டைக்காரன் இல்லை. சின்ன வயதில் கனகராயன்குளத்து மாமாவோடு இரண்டு மூன்று தரம் பன்றிக் காவலுக்குப் போனதோடு சரி. ஆனால் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையின் பட்டறையில் வேலை பழகிய காலத்தில் ஒரு பழைய லண்டன் துவக்கைக் கழற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. மலைநாட்டுத் தோட்டமொன்றில் டொக்டராக இருந்து ஓய்வுபெற்று ஊரோடு வந்துவிட்ட ஒருவருடையது. உள்ளே ஒரு வில்லு முறிந்துபோய், எங்கள் போர்மனிடம் கொண்டுவந்தார். இரட்டைக்குழல்.

போர்மன் அதைத் துணி விரித்த மேசையில் வைத்துவிட்டு, “திருகாணியளப் பாரடா” என்றார். பார்த்தேன். எல்லாத் திருகாணிகளின் தலைவெட்டும் குழல் ஓடுகிற திசையிலேயே நின்றது. ஒன்றுகூடக் கோணவில்லை. திருகாணி என்பது புரி முடிகிற இடத்தில்தான் நிற்கும், நாங்கள் நினைத்த இடத்தில் நிற்காது. அப்படி நிற்க வேண்டுமென்றால் வெட்டில்லாத தலையோடு இறுக்கி, கோடு கீறி, கழற்றி, அதன்பிறகு வெட்டைப் போட வேண்டும். ஒரு திருகாணிக்கு இவ்வளவு பாடு. உள்ளே போனால் இன்னும் மோசம். எவர் கண்ணிலும் படாத தகட்டின் பின்பக்கம்கூடக் கண்ணாடி மாதிரி மினுக்கியிருந்தது.

பேரிங் பொருத்தும்போது நாங்கள் நீல மை பூசிப் பார்த்து, மை ஒட்டிய இடத்தைச் சுரண்டுவோம். லண்டன் பட்டறைகளில் அதையே விளக்குப் புகையால் செய்வார்கள். ஒரு பாகத்தைப் புகையில் காட்டிக் கறுப்பாக்கி, மற்றதோடு அழுத்தி எடுத்து, கறுப்பு ஒட்டிய இடத்தில் மட்டும் அரத்தால் ஓர் இழுப்பு. திரும்பவும் புகை, திரும்பவும் அரம். எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கறுப்பு ஒட்டும்வரை.

இரட்டைக்குழல் றைபிள் என்றால் அதற்கு மேலே இன்னொரு பாடு இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு குழலும் குறித்த தூரத்தில் ஒரே இடத்தில் அடிக்க வேண்டும். நேராக ஒட்டிவிட்டால் அடிக்காது, ஒவ்வொரு வெடிக்கும் துவக்கு தன் பக்கம் உதைத்துத் திரும்பும். ஆகவே குழல் வாய்களுக்கு இடையில் சின்ன ஆப்பு வைத்து, சுட்டுப் பார்த்து, ஒட்டியிருக்கிற பற்றாசை இளக்கி, ஆப்பைக் கொஞ்சம் அசைத்து, மறுபடி சுடுவார்கள். எந்தத் தோட்டாவுக்கு அப்படிச் சரிப்படுத்தினார்களோ அந்தத் தோட்டாவுக்குத்தான் அது சரி. ஹொலன்ட் அன்ட் ஹொலன்ட், பேர்டி போன்ற பட்டறைகளில் இன்று அப்படி ஒன்று புதிதாகச் செய்வித்தால் 1,00,000 பிரித்தானியப் பவுணைத் தாண்டும். அது பகற்கொள்ளை என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் திருகாணிகளைப் பார்த்தவன் வாயால் அப்படி வராது.

இப்போது உங்கள் 14,500க்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் பத்தர்மார் இருக்கிற கன்னாதிட்டியில் ஒரு தங்கக்கொடி செய்விக்கிறீர்கள். பவுணுக்கு ஒரு கணக்கு, செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் வேறு கணக்கு. நாளை அவசரத்துக்கு விற்கப் போனால் பவுணை மட்டும்தான் நிறுப்பார்கள். கூலி திரும்பாது. கூலி வீண் என்று இதற்குப் பொருளில்லை. கழுத்தில் கிடக்கிற காலம் முழுக்க அந்த வேலைப்பாட்டைத்தானே நாலு பேர் பார்க்கிறார்கள்? ஆனால் எது பவுண், எது கூலி என்று தெரிந்து கொடுக்க வேண்டும். றைபிளில் பவுண் என்பது குறி தப்பாமல் அடிப்பது. அது உங்கள் 1,300 டொலருக்குள்ளேயே வந்துவிட்டது. மேலே இருப்பதெல்லாம் கூலி.

ஒரு காலத்தில் இப்படி இருக்கவில்லை. குழலுக்குள் சுரி, அதாவது சன்னத்தைச் சுழலவைக்கிற திருகு வரி, வெட்டுவது பெரிய வித்தை. ஒரே ஒரு வெட்டும் பல்லை உள்ளே விட்டு இழுப்பார்கள். ஓர் இழுப்புக்கு ஒரு தௌவில் பத்திலொரு பங்கு அளவில்தான் உலோகம் போகும். (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்திலொன்று. பட்டறையில் வேறு எந்த அளவும் கதைப்பதில்லை.) நூற்றுக்கணக்கான இழுப்பு. இன்றும் நல்ல குழல் செய்கிற சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். உங்கள் டிக்காவின் குழல் வேறு மாதிரிப் பிறந்தது. பின்லாந்தில் ரீகிமாக்கி என்ற ஊரில் சாக்கோ தொழிற்சாலையில், சுரியின் எதிர்வடிவம் செதுக்கிய ஓர் உலோகத் தண்டைக் குழலுக்குள் விட்டு, வெளியிலிருந்து சுத்தியல்கள் சுற்றிச் சுற்றி அடிக்க, சில நிமிடத்தில் சுரி உள்ளே பதிந்துவிடும். அந்த முறை இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மனியில் வளர்ந்தது. போல்ட்டின் (தோட்டாவின் பின்னால் குழலைப் பூட்டுகிற தண்டு) முகமும் குழலின் அச்சும் செங்குத்தாக நிற்க முன்பு கைவேலைக்காரன் நாள்கணக்கில் மினைக்கெட்டான். இப்போது கணினி லேத் அதைக் காலையிலிருந்து பின்னேரம் வரை சலிக்காமல் செய்கிறது. என் தொழில் போனதும் இதே வழியால்தான், ஆகவே சந்தோசமாக எழுதவில்லை.

அரை அங்குலக் கதையைக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்போம். 100 யாரில் ஒரு அங்குலம் என்றால் 200 யாரில் இரண்டு அங்குலம். நண்பருடையது ஒரு அங்குலம். மானின் நெஞ்சுப் பகுதி ஒரு சின்னச் சாப்பாட்டுக் கோப்பை அளவு, மூஸினுடையது ஒரு தோசைக்கல்லைவிடப் பெரிது. பனியில் அரை மைல் நடந்து, மூச்சு வாங்க, நின்ற நிலையில் துவக்கைத் தூக்குகிறீர்கள். அப்போது குழல் வாய் போடுகிற ஆட்டத்தில் குறி அந்தக் கோப்பையைவிட்டே வெளியே போய் வரும். இதற்குள் அரை அங்குலத்தை எங்கே தேடுவது?

பெல் என்றொரு ஸ்கொட்லாந்துக்காரர் ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அதில் பெருந்தொகை .275 ரிக்பி என்ற மெல்லிய குழலால் சுட்டது. மற்றவர்கள் தோளை உடைக்கும் பெரிய துவக்குகளோடு திரிந்த காலம் அது. மூளை எங்கே இருக்கிறது என்று பார்க்க யானை மண்டையோட்டை மரமரிகிற வாளால் அரிந்து படித்தார். அந்தக் கணக்கை மெச்சிச் சொல்லவில்லை, எனக்கு அது அருவருப்பு. ஆனால் குறி எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அந்த ரிக்பி லண்டன் பெயர்தான், உள்ளே இருந்த இயந்திரமோ ஜெர்மனியின் மௌசர் தொழிற்சாலையில் செய்தது. பெயர் பெற்ற பட்டறைக்காரரே நெஞ்சாங்குலையைத் தொழிற்சாலையிலிருந்து வாங்கி, சுற்றிவர அலங்காரம் செய்தார்கள்.

மௌசரின் புகழ் எங்கிருந்து வந்தது என்றால், 1898 அமைப்பில் போல்ட்டின் பக்கத்தில் ஒரு நீண்ட நகம் இருக்கிறது. தோட்டா மகசினிலிருந்து எழும்பும்போதே அந்த நகம் அதன் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். பதற்றத்தில் போல்ட்டை அரைவாசி இழுத்துத் திரும்பத் தள்ளினாலும் இரண்டு தோட்டா ஒன்றையொன்று இடித்துச் சிக்காது. பாய்ந்து வருகிற காட்டெருமைக்கு முன்னால் அது உயிர். அமெரிக்காவின் வின்செஸ்டர் 70 என்ற தொழிற்சாலைத் துவக்கும் 1936இல் இதே நகத்தோடு வந்தது. 1964இல் செலவைக் குறைக்க அந்த நகத்தை எடுத்தார்கள். ஆட்கள் பழையதைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள், 64க்கு முந்தியது என்றால் இன்றும் விலை கூட. 1990களில் நகத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆகவே நகம்தான் வேண்டுமென்றால் அதற்கும் 14,500 கொடுக்கத் தேவையில்லை. உங்கள் மூஸ் உங்களைத் துரத்தப்போவதும் குறைவு.

வால்நட் கட்டை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மரம் மரம்தான். கார்த்திகை மாரியில் எங்கள் வீட்டுக் கதவு நிலையோடு இறுகிப்போய் உதைத்துத் திறக்கிறோமே, அதேதான் அங்கேயும் நடக்கும். ஈரம் குடித்து வீங்கிய கட்டை குழலை ஒரு பக்கம் தள்ளினால் வெடி இடம் மாறும். ஆண்டுக்கணக்கில் காயவைத்த பலகை, உள்ளே பிசின் வார்த்து இருத்துவது, குழலுக்கும் கட்டைக்கும் இடையில் நீக்கல் விடுவது என்று இதையெல்லாம் சமாளிக்கத்தான் அந்தக் கூலியில் ஒரு பகுதி போகிறது. பிளாஸ்ரிக் கட்டைக்கு இந்த வியாதியே கிடையாது. பார்க்கச் சகிக்காது என்பது வேறு விசயம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் உறுத்தியது புருவக் காயம். அளவெடுத்துச் செய்கிற துவக்கில் காசுக்கு முழுப்பெறுமதி கிடைக்கிற இடம் ஒன்று உண்டென்றால் அது சோங்கின் நீளம். விசையிலிருந்து சோங்கின் கடைசி வரை தொழிற்சாலைத் துவக்குகளில் பெரும்பாலும் பதின்மூன்றரை முதல் பதினான்கு அங்குலம் வரை இருக்கும். அது சராசரி வெள்ளைக்காரனுக்கு வைத்த அளவு. எங்கள் ஆட்களின் கைக்கு அது கூட. அதற்கு மேல் அங்கத்தைய குளிர்ச்சட்டை ஒரு அங்குலம் சேர்க்கிறது. சோங்கு தோள்குழியில் உட்காராமல் கைப்புஜத்தில் நிற்கும், நீங்கள் கழுத்தை நீட்டி ஸ்கோப்புக்குள் முகத்தைக் கொண்டுபோவீர்கள். பிறகு உதைக்கும்போது அது புருவத்தைத் தேடி வராமல் என்ன செய்யும்? குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டே ஒரு நல்ல துவக்குத் திருத்துநரிடம் போங்கள். அளவு பார்த்து சோங்கைத் தேவையானவரை அரிந்து, நல்ல றப்பர் மெத்தை வைத்து, ஸ்கோப்பைக் கொஞ்சம் முன்னே தள்ளித் தரச் சொல்லுங்கள். சில நூறு டொலரோடு முடியும். அரிய மனம் வராது, அரியுங்கள்.

மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்குங்கள். ஒன்று மூன்று டொலர் என்றே வைப்போம். 14,500க்கு 4,800 தோட்டாவுக்கு மேல் வரும். வாரத்துக்குப் பத்து வெடி என்று நின்றும் இருந்தும் முழங்காலிலும் பழகினால் ஒன்பது வருடத்துக்குக் காணும். குழல் அதற்குள் தேய்ந்தால் அதையும் மாற்றலாம். உங்கள் அப்பாவிடம் இருந்த இடியனில் மருந்து கொட்டி, சன்னம் போட்டு, கோலால் இடித்து, அடுத்த வெடிக்குத் தயாராவதற்குள் பன்றி அடுத்த குளத்தில் நிற்கும். அவர் அந்த ஒரு வெடிக்காக எவ்வளவு கிட்டப் போயிருப்பார், காற்று எந்தப் பக்கம் என்று எத்தனை தரம் பார்த்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்கு அந்தக் கட்டையின் வரியும் அரவேலையும்தான் வேண்டும், குறிக்காக வாங்கவில்லை என்றால் வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். வீட்டில் மட்டும் ‘இது முதலீடு’ என்று சொல்லாதீர்கள். லண்டன் பெயர்கள் ஓரளவு விலை நிற்கும். இன்னொருவரின் கை நீளத்துக்கு வெட்டிய, ஊர்பேர் தெரியாத பட்டறையின் துவக்கை விற்கப் போனால் பவுண் விலைதான்.

அப்பாவின் பெயருக்கு வருகிறேன். நேபாளத்திலும் இந்தியாவிலுமாக 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் பெண்புலியை வேட்டைக்காரர் ஜிம் கோர்பெட் 1907இல் இந்தியாவின் சம்பாவத்தில் சுட்டபோது, மாகாண ஆளுநர் அவருக்கு ஒரு .275 ரிக்பியைப் பரிசாகக் கொடுத்தார். அதன் கட்டையில் ஒரு சின்ன வெள்ளித்தகடு பதித்து, யார் யாருக்கு எதற்காகக் கொடுத்தது என்று எழுதியிருக்கிறது. அந்தத் துவக்கோடுதான் 1926இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையையும் அவர் சுட்டார். உங்கள் டிக்காவும் மரச்சோங்குதானே, அதிலும் ஒரு தகடு பதிக்கலாம். ஆனால் அங்கே வெட்டுகிறவருக்குத் தமிழ் எழுத்தின் வளைவு கைவராது. கன்னாதிட்டியில் எனக்குத் தெரிந்த பத்தர் ஒருவர் இருக்கிறார், வயதானவர், கண் இன்னும் நல்லாயிருக்கிறது. இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் அமையக்கூடியதாக அப்பாவின் பெயரை முதலெழுத்தோடு எழுதி அனுப்புங்கள். வெட்ட முன்னம் எழுத்தை நான் பார்த்துக்கொடுக்கிறேன். தகட்டின் கூலியை மட்டும் அவரிடம் பேரம் பேச வேண்டாம்.