ஷூட்டிங் நின்றால் சீரியல் எத்தனை நாள் தாங்கும்? – கேள்வி பதில்

சென்னையில் சீரியல் தயாரிப்பு நிர்வாகத்தில் ஆரம்பித்து, பிறகு சேனல் பக்கம் நிகழ்ச்சி அட்டவணை போடும் வேலைக்கு வந்தவள் நான். 2020 ஊரடங்கில் சீரியல்கள் நின்றதைப் பற்றி இன்னும் பலருக்குக் கேள்வி இருக்கிறது. வந்தவற்றில் பதில் சொல்ல முடிந்தவை இங்கே.

தஞ்சாவூர் வாசகி: 2020 மார்ச் 19-லிருந்து ஷூட்டிங் கிடையாதுன்னு பெப்சி (சினிமா, சீரியல் தொழிலாளர் சங்கங்களோட சம்மேளனம்) அறிவிச்சாங்க. ஆனா அதுக்கப்புறமும் கொஞ்ச நாள் புது எபிசோட் வந்துச்சே, எப்படி அக்கா?

அதற்குப் பெயர் 'பாங்க்'. எடுத்து, எடிட் செய்து, டப்பிங், பின்னணி இசை எல்லாம் முடிந்து ஒளிபரப்புக்குத் தயாராக இருக்கும் எபிசோடுகளின் கையிருப்பு. "பாங்க் எத்தனை?" என்பதுதான் சேனலில் காலையில் கேட்கும் முதல் கேள்வி. ஷூட்டிங் நிற்கும் நாள் ஒன்று, சீரியல் நிற்கும் நாள் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பது இந்தக் கையிருப்புதான்.

நம் ஊரில் ஒரு வாரம் பாங்க் இருந்தால் மேனேஜர் நிம்மதியாகத் தூங்குவார். இரண்டு நாள் பாங்கில் ஓடிய சீரியல்களும் உண்டு. காலையில் எடுத்த காட்சி மறுநாள் இரவு போகும். இன்னொன்றும் இருக்கிறது. எடுத்து முடித்த ஃபுட்டேஜ் எல்லாம் எபிசோட் ஆகிவிடாது. நம் கதாநாயகிகளில் பலர் கன்னடம், மலையாளம் பேசுகிறவர்கள். அவர்களுக்கு வேறொருவர் குரல் கொடுக்க வேண்டும். டப்பிங் தியேட்டரை மூடியதும், ஹார்டு டிஸ்கில் கிடந்த காட்சிகள் அப்படியே கிடந்தன. அதனால்தான் மே 11 முதல் எடிட்டிங், டப்பிங் போன்ற வேலைகளுக்கு மட்டும் தமிழக அரசு அனுமதி தந்தது எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. டப்பிங்குக்கு அதிகபட்சம் ஐந்து பேர் என்பது நிபந்தனை.

கோவை வாசகர்: வெளிநாட்டு சீரியல்கள் மாசக்கணக்கா ஓடுச்சுன்னு படிச்சேன். நம்மாளுங்களுக்கு மட்டும் ஏன் முன்கூட்டியே எடுத்து வைக்கத் தெரியல?

தெரியாமல் இல்லை. வேண்டாம் என்று முடிவு செய்ததுதான். எந்தத் தொடரை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று அளக்கும் 'பார்க்' (BARC) அமைப்பின் ரேட்டிங் வியாழக்கிழமை வரும். கதையில் ஒரு டிராக் (கிளைக்கதை) எடுபடவில்லை என்று தெரிந்தால் அடுத்த வாரமே கதையைத் திருப்ப வேண்டும். கையில் முப்பது எபிசோட் இருந்தால் எப்படித் திருப்புவது? ஒன்று, எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டும். இல்லாவிட்டால் ரேட்டிங் சரிவதைப் பார்த்துக்கொண்டே ஐந்து வாரம் ஓட்ட வேண்டும். வில்லியை ஜனங்களுக்குப் பிடித்துவிட்டால் அவளுக்குக் காட்சி கூட்டுவதும், புது ஜோடி ஒட்டவில்லை என்றால் பிரிப்பதும் பாங்க் குறைவாக இருப்பதால்தான் முடிகிறது. பணமும் முடங்கும். எடுத்து வைத்த எபிசோட் ஒளிபரப்பாகும் வரை தயாரிப்பாளர் கைக்குக் காசு வராது.

அமெரிக்காவில் 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' பல மாதங்கள் முன்னதாகவே எடுத்துவிடும் வழக்கம் உள்ள தொடர். அதனால் 2020-ல் ஷூட்டிங் நின்றும் புது எபிசோட் தடைபடவில்லை. அதே நாட்டில் 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்' மே மாதக் கடைசியில் பழைய எபிசோடுகளுக்குப் போய், ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் புதிதாக வந்தது.

பிரிட்டனில் நடந்ததை இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். பி.பி.சி.யின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' மார்ச் 18-ல் ஷூட்டிங்கை நிறுத்தியது. வாரம் நான்காக இருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். ஐ.டி.வி.யின் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' ஆறை மூன்றாக்கியது. மாதக் கடைசியில் அரிசி டின்னைப் பார்த்து உலை வைக்கிற மாதிரி, இருப்பதை அளந்து அளந்து போட்டார்கள். கொரோனேஷன் ஸ்ட்ரீட் ஜூன் 9-ல் மறுபடி ஷூட்டிங் தொடங்கியதால் ஒளிபரப்பு அறுபடாமல் தப்பியது. ஈஸ்ட்எண்டர்ஸுக்கு ஜூன் 16-ல் கையிருப்பு தீர்ந்தது. 1985-ல் தொடங்கிய தொடர், தயாரிப்பு நின்ற காரணத்தால் திரையை விட்டு இறங்கியது அதுதான் முதல் தடவை. செப்டம்பர் 7-ல் திரும்பி வந்தபோது எபிசோட் அரை மணியிலிருந்து இருபது நிமிடமாகச் சுருங்கியிருந்தது. பாங்க் எவ்வளவு இருந்தது என்பதோடு, எவ்வளவு சீக்கிரம் குறைத்தீர்கள், எப்போது திரும்ப ஆரம்பித்தீர்கள் என்பதும் சேர்ந்துதான் கணக்கு.

நாகர்கோவில் வாசகர்: நம்ம சேனல்களும் வாரம் மூணு நாள்னு குறைச்சிருக்கலாமே?

நாலு நாள் கையிருப்பை எத்தனை துண்டாக்க முடியும்? அதோடு, திங்கள் முதல் சனி வரை ஒரே நேரத்துக்கு டி.வி. முன்னால் உட்காருவது நம் வீடுகளின் பழக்கம். ஒரு நாள் இல்லை என்றால் ரிமோட் வேறு சேனலுக்குப் போய்விடும், திரும்ப வராது என்ற பயம் எல்லாச் சேனலுக்கும் உண்டு. அதனால் கையிருப்பை முழுதாகத் தீர்த்துவிட்டு மறு ஒளிபரப்புக்குப் போனார்கள். சன் டி.வி.யில் 'மெட்டி ஒலி' திரும்ப வந்தது, விஜய் டி.வி.யில் தமிழ் பேசும் மகாபாரதம் வந்தது. தூர்தர்ஷன் மார்ச் 28-ல் 'ராமாயண'த்தை மறுபடி போட்டதும் நாடே அங்கே திரும்பியது. என்னைக் கேட்டால், மூன்று நாளுக்கு ஒரு புது எபிசோட், நடுவில் பழசு என்று ஒரு சேனலாவது முயன்று பார்த்திருக்கலாம்.

திருச்சி வாசகி: 'அழகு' சீரியலை எங்க அம்மா ஒரு நாள் விடாம பார்த்தாங்க. முடிவே காட்டாம நிறுத்திட்டாங்க. ஏன் மேடம்?

உங்கள் அம்மாவின் வருத்தம் நியாயமானது. ரேவதி நடித்த அந்தத் தொடர் மட்டுமல்ல, அந்த வருடம் இன்னும் சில தொடர்கள் பாதியில் நின்றன.

காரணம் பெரும்பாலும் பணக்கணக்குதான். தமிழ் சீரியலில் இரண்டு விதமான ஏற்பாடு உண்டு. ஒன்றில் சேனலே ஒரு எபிசோடுக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளருக்குக் கொடுத்து எடுக்கச் சொல்லும். இன்னொன்றில் தயாரிப்பாளர் சேனலுக்கு ஸ்லாட் கட்டணம் (ஒளிபரப்பு நேரத்துக்கான வாடகை) கட்டி, விளம்பர நேரத்தைத் தானே விற்றுக்கொள்வார். சன் டி.வி.யில் நெடுங்காலம் இருந்தது இந்த இரண்டாவது முறை. ஊரடங்கில் விளம்பரம் படுத்துவிட்டது. மூன்று, நான்கு மாத இடைவெளிக்குப் பிறகு மறுபடி வீட்டு வாடகை, முன்பணம், கால்ஷீட் எல்லாவற்றுக்கும் பணம் புரட்டி, ரேட்டிங்கும் பழையபடி வருமா என்று தெரியாத நிலையில், ஏற்கெனவே கடைசிக் கட்டத்தில் இருக்கும் கதையைத் தொடர்வதைவிடப் புதுத் தொடர் போடுவது மேல் என்றுதான் பலர் நினைப்பார்கள். ஒவ்வொரு தொடருக்கும் உள்விவகாரம் வேறு வேறாக இருக்கும். பொதுவான கணக்கு இதுதான்.

ஆனால் இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நூற்றுக்கணக்கான நாட்கள் கூடவே வந்த பார்வையாளருக்கு ஒரு முடிவு தர வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஆகாது. முக்கிய நடிகர்கள் நாலு பேர், ஒரே வீடு, இரண்டு நாள் ஷூட்டிங் போதும், ஒரு மணி நேரக் கடைசி எபிசோட் எடுத்துவிடலாம். அதுவும் முடியாது என்றால், "இத்தொடர் இத்துடன் நிறைவடைகிறது, கதை இப்படி முடிவதாக இருந்தது" என்று இயக்குநர் வந்து ஐந்து நிமிடம் பேசலாம். திங்கட்கிழமை அந்த நேரத்தில் வேறு ஏதோ ஓடுவதைப் பார்த்துத்தான் தொடர் போய்விட்டது என்று தெரிந்துகொள்ள வைப்பது பார்வையாளருக்குச் செய்யும் மரியாதை இல்லை.

சேலம் வாசகர்: ஊரடங்குல ஷூட்டிங்குக்கு 20 பேர்தான்னு சொன்னாங்க, அப்புறம் 60-ன்னாங்க. 20 பேரை வெச்சு ஒரு சீரியல் எடுக்க முடியாதா?

எண்ணிப் பாருங்கள். இயக்குநர், இரண்டு உதவியாளர்கள், கேமராமேன், அவருடைய உதவியாளர், லைட் ஆட்கள் நாலைந்து பேர், மேக்கப், ஹேர், காஸ்ட்யூம், ஆர்ட், சவுண்ட், மானிட்டர், புரொடக்ஷனில் சாப்பாடு பார்க்கிறவர்கள், மேனேஜர், டிரைவர்கள், ஜெனரேட்டர். இருபது இங்கேயே முடிந்துவிட்டது. நடிகர் ஒருவரும் இன்னும் வரவில்லை.

மே 21-ல் அரசு தந்த அனுமதி இருபது பேருக்குத்தான், அதுவும் உள்ளரங்கில் மட்டும். சின்னத்திரைத் தயாரிப்பாளர்கள் சார்பில் குஷ்பு, சுஜாதா விஜயகுமார் ஆகியோர் அன்றைய செய்தித் துறை அமைச்சர் கடம்பூர் ராஜுவைப் பார்த்துப் பேசினார்கள். மாதக் கடைசியில் அது அறுபதானது. யூனிட்கள் தயாராகும் நேரத்தில் ஜூன் 19 முதல் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூரில் முழு ஊரடங்கு. வளசரவாக்கம், சாலிகிராமம், போரூர் ஷூட்டிங் வீடுகள் மறுபடி பூட்டப்பட்டன. ஜூலையில்தான் நிஜமாக வேலை தொடங்கியது, புது எபிசோடுகள் அந்த மாதக் கடைசியில் வந்தன.

சென்னை வாசகி: திரும்பி வந்தப்போ கதையே மாறிப்போன மாதிரி இருந்துச்சு. கூட்டமே இல்லாம கல்யாணம், ஆளாளுக்கு க்ளோசப்.

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். கல்யாணக் காட்சி பாதியில் நின்ற யூனிட்டின் நிலைமையை யோசியுங்கள். மண்டபம், ஐம்பது துணை நடிகர்கள், பந்தி எல்லாம் மார்ச்சில் எடுத்தாயிற்று. தாலி கட்டும் காட்சி மிச்சம். ஜூலையில் மண்டபம் கிடையாது, கூட்டம் கூடாது. அப்போது செய்வது இதுதான்: மண்டபமும் கூட்டமும் தெரியும் வைடு ஷாட் எல்லாம் பழைய ஃபுட்டேஜிலிருந்து எடுத்துக்கொண்டு, ஷூட்டிங் வீட்டுச் சுவரில் அதே நிறத்துணியும் பூச்சரமும் கட்டி, மாப்பிள்ளை, பெண், ஐயர் மூவரின் முகத்தை மட்டும் எடுப்பது. மாப்பிள்ளைக்கு முடி வளர்ந்திருக்கும், பெண்ணுக்குக் கன்னம் ஒட்டியிருக்கும். கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் மார்ச் மாத போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு மாலையில் எத்தனை ரோஜா என்று எண்ணிக்கொண்டிருப்பார். நாங்கள் தப்பித்தோம் என்று நினைக்கும்போது உங்களைப் போன்றவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்!

பெங்களூரு, கொச்சியிலிருந்து வர வேண்டியவர்களுக்கு இ-பாஸ் சிக்கல், வந்தால் தனிமைப்படுத்தல். வர முடியாதவர்களுக்குப் பதில் "இனி இவருக்குப் பதிலாக இவர்" என்று போட்டார்கள், அல்லது அந்தப் பாத்திரத்தை வெளியூர் அனுப்பினார்கள். மகாராஷ்டிராவில் 65 வயதைத் தாண்டிய நடிகர்கள் செட்டுக்கே வரக்கூடாது என்று அரசு விதி போட்டது. தாத்தா பாட்டி இல்லாமல் கூட்டுக்குடும்பக் கதை எப்படி எடுப்பது? மும்பை உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் அதை ரத்து செய்தது. அமெரிக்காவில் 'தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்' நெருக்கமான காட்சிகளுக்குப் பொம்மைகளையும், நடிகர்களின் நிஜக் கணவன் மனைவியரையும் நிறுத்தி எடுத்தது.

ஈரோடு வாசகர்: அந்த நாலு மாசம் யூனிட் ஆட்களுக்குச் சம்பளம்?

லைட்மேன், புரொடக்ஷன் உதவியாளர், துணை நடிகர் எல்லோருக்கும் அன்றன்றைக்குச் சம்பளம், பேட்டா. ஷூட்டிங் இல்லை என்றால் காசு இல்லை. நடிகர்களும் பெப்சிக்கு நன்கொடை தந்தார்கள், அரிசி மூட்டைகள் வந்தன. அட்டவணையைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் பிடிவாதம். பாங்க் இல்லாத தொழிலில், நிற்கும் முதல் நாளே அடி வாங்குவது இவர்கள்தான்.

மும்பைத் தமிழர்: 2021-ல இங்கே ஷூட்டிங் நின்னும் இந்தி சீரியல் நிக்கலையே?

ஊரை மாற்றினார்கள். ஏப்ரல் மாதம் மகாராஷ்டிரா தடை போட்டதும் யூனிட்கள் கோவா, ஹைதராபாத், சில்வாசா என்று கிளம்பின. குடும்பமே சுற்றுலா போவதாகக் கதை எழுதினார்கள். மே முதல் வாரம் கோவாவும் அனுமதியை ரத்து செய்ய, மறுபடி மூட்டை கட்டினார்கள். முந்தைய வருடத்தில் பட்ட அடிதான் அந்த வேகத்துக்குக் காரணம்.

மதுரை வாசகர்: ஸ்டிரைக்னாலும் இதே கதிதானா?

ஸ்டிரைக்கில் முன்கூட்டியே வாடை தெரியும், சிலர் இரவு பகலாக எடுத்து வைப்பார்கள். 2008 நவம்பரில் மும்பைத் தொழிலாளர் போராட்டத்தில் இந்திச் சேனல்கள் பழைய எபிசோடுக்குப் போக வேண்டி வந்தது. 2023-ல் ஹாலிவுட் நடிகர்கள் போராடியபோது பகல்நேர சோப் தொடர்கள் நிற்கவில்லை, அவர்களுக்கு ஒப்பந்தமே வேறு.

புதுக்கோட்டை வாசகி: பாங்க் குறையுதுன்னு வீட்ல உட்கார்ந்தே கண்டுபிடிக்க முடியுமா அக்கா?

முடியும். முதலில் 'முன்கதை' நீளும். நேற்றைய கடைசிக் காட்சி இன்று முழுதாகத் திரும்ப வரும். பிறகு ஃப்ளாஷ்பேக், நாயகி ஜன்னலோரம் நின்று மூன்று மாதத்துக்கு முந்தைய சண்டையை நினைத்துப் பார்ப்பாள், பாட்டோடு. ஒருவர் அதிர்ச்சியான செய்தி சொன்னால் ஏழு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டி, சுற்றி வருவார்கள். வெளிப்புறக் காட்சி குறைந்து எல்லாம் ஹாலிலும் சமையலறையிலும் நடக்கும். முக்கிய நடிகர் போனில் மட்டும் பேசுவார். ப்ரொமோவில் காட்டிய காட்சி அந்த வாரம் முழுக்க வரவே வராது. இவற்றில் மூன்று ஒரே வாரத்தில் வந்தால், அந்த மேனேஜர் இரண்டு நாள் கையிருப்போடு உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.