புதிதாகக் கிட்டார் எடுத்தவர்களுக்கு: ஒரு மாலைக் கேள்வி பதில்

16 வருடமாக வீட்டில் வைத்துக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். பாதியில் விட்டுப் போன பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால், இசை வராமல் போனவர்கள் மிகக் குறைவு. கருவி சரியில்லை என்பது தெரியாமல் தன்னையே நொந்துகொண்டு போனவர்கள்தான் அதிகம். அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளம்.

அக்கா, போன மாசம் ஆன்லைன்ல 3,500 ரூபாய்க்கு ஒரு அக்கூஸ்டிக் வாங்கினேன். பத்து நிமிஷம் வாசிச்சாலே விரல் நுனி எரியுது. சி கார்ட் (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் பிடி) பிடிச்சா பாதிக் கம்பியில சத்தமே வரல. என் விரலுக்கு பலம் பத்தலையா?

விரலைச் சந்தேகப்படும் முன் ஒரு ஸ்கேலை எடுங்கள். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்; 12ஆவது ஃப்ரெட்டின் மேல் விளிம்புக்கும் கம்பியின் அடிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். இந்த உயரத்தைத்தான் 'ஆக்‌ஷன்' என்கிறோம். ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் தடித்த ஆறாவது கம்பிக்கு 2.5, மெல்லிய முதல் கம்பிக்கு 2 என்ற அளவை ஒட்டி இருந்தால் சுகமாக வாசிக்கலாம். 4ஐத் தாண்டினால் இருபது வருடம் வாசித்தவருக்கும் வலிக்கும்.

இசைக்கருவி பழுது பார்க்கும் ஒருவரிடம் 'செட்டப் செய்து கொடுங்கள்' என்று கொடுங்கள். உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் சாடிலின் அடியைத் தேய்ப்பார், தலைப் பக்கம் தாங்கும் நட்டில் கம்பி உட்காரும் பள்ளங்களை இறக்குவார், கிட்டாரின் கழுத்து வளைந்திருந்தால் அதற்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைத் திருகி நேராக்குவார். அப்படியே கம்பியையும் 'டென்' செட்டாக மாற்றச் சொல்லுங்கள். முதல் கம்பி 0.010 அங்குலம் இருக்கும் செட் அது. அதைவிடத் தடித்த 'டுவெல்வ்' செட்டை விட அழுத்துவது எளிது.

ஆக்‌ஷன் சரியாக இருந்தாலும் முதல் மூன்று, நான்கு வாரம் நுனி வலிக்கும். தோல் தடித்ததும் போய்விடும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல் காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் போதும். விரலை இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைக்காதீர்கள். கிட்டாரின் உடல் பக்கம் இருக்கும் ஃப்ரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தால் பாதி அழுத்தத்திலேயே சத்தம் தெளிவாக வரும். நுனி வலி பரவாயில்லை; மணிக்கட்டு வலித்தால் உடனே நிறுத்திவிட்டுக் கை வைக்கும் விதத்தைச் சரிபாருங்கள்.

எனக்கு 47 வயசு மேடம். இனிமே விரல் வளையுமா?

வளையும். என்னிடம் அறுபதைத் தாண்டியும் தொடங்கியிருக்கிறார்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கலைஞருக்கு 1928இல் ஒரு தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் ஏறக்குறைய செயலிழந்தன. மிச்சம் இருந்த இரண்டு விரல்களில்தான் சோலோ வாசித்தார். உங்களுக்கு நான்கும் இருக்கின்றன.

சுருதி சேர்க்க போன்ல இருக்கிற ட்யூனர் போதுமாக்கா? முதல் கம்பியை ரெண்டு தடவை அறுத்துட்டேன்.

போதும். ஆனால் தடித்த ஆறாவது கம்பியும் ஈ, மெல்லிய முதல் கம்பியும் ஈ. நடுவே ஏ, டி, ஜி, பி. பல ட்யூனர்கள் 'ஈ' என்று மட்டும் காட்டும், எந்த ஸ்தாயி என்று சொல்லாது. நீங்கள் ஏற்கெனவே சரியான இடத்தைத் தாண்டி அடுத்த ஈயைத் தேடிப் போயிருப்பீர்கள், அதனால்தான் அறுந்திருக்கிறது. இரண்டாவது கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். திறந்த (எந்த ஃப்ரெட்டிலும் அழுத்தாத) முதல் கம்பி அதோடு ஒன்றிப்போக வேண்டும். சுருதி ஏறிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு, மறுபடி கீழிருந்து ஏற்றுங்கள். அப்போதுதான் நிற்கும்.

நான் கர்நாடக சங்கீதம் பாடக் கத்துக்கறேன். சரளி வரிசையை கிட்டார்ல வாசிக்க முடியுமா? சார் கீபோர்டு போதும்னு சொல்றார்.

தாராளமாக முடியும், இந்தக் கேள்வி வந்ததே சந்தோஷம். ஒரே ஒரு கம்பியில் வாசியுங்கள். திறந்த கம்பி ஸட்ஜமம் என்றால், சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளை 0, 1, 4, 5, 7, 8, 11, 12 என்ற ஃப்ரெட்களில் விழும். கழுத்தைப் பார்த்தாலே தெரியும்: ச-ரி, க-ம, ப-த, நி-ச என்று நான்கு ஜோடி, ஒவ்வொன்றும் அடுத்தடுத்த ஃப்ரெட். 'ரி'யிலிருந்து 'க'வுக்கும், 'த'விலிருந்து 'நி'க்கும் மூன்று ஃப்ரெட் தாவல். பாடும்போது காதால் மட்டும் உணர்ந்த இடைவெளியை இங்கே கண்ணாலும் பார்க்கலாம்.

கட்டையையும், அதாவது நீங்கள் பாடும் அடிப்படைச் சுருதியையும், சேர்க்கலாம். திறந்த நான்காவது கம்பி 2 கட்டை, மூன்றாவது கம்பி 5 கட்டை. 5½இல் பாடுபவர் மூன்றாவது கம்பியை எடுத்துக்கொண்டு முதல் ஃப்ரெட்டில் கேபோ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, அங்கிருந்து எண்ணினால் போதும். கீபோர்டில் ஒரு கீயை அழுத்தினால் ஸ்வரம் அசையாமல் நிற்கும். கிட்டாரில் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கலாம், விரலைச் சறுக்கலாம். ஸ்வரத்தை அசைக்கும் கமகம் பிறப்பது அங்கேதான். பிரசன்னா என்ற கலைஞர் கிட்டாரில் கர்நாடகக் கச்சேரியே செய்கிறார், ஒருமுறை கேளுங்கள். முதல் மூன்று மாதம் மட்டும் கமகம் வேண்டாம், நேர் ஸ்வரம் சுத்தமாக வரட்டும்.

எஃப் கார்ட் வரவே மாட்டேங்குது.

இப்போதைக்கு விடுங்கள். முதல் கம்பியைத் திறந்து வைத்து, இரண்டு, மூன்று, நான்காவது கம்பிகளை மட்டும் எஃப் போல் பிடித்து, அந்த நான்கையும் மீட்டுங்கள். எஃப் மேஜர் செவன் என்ற கார்ட் வரும், நிறையப் பாட்டுக்கு ஒத்துப்போகும். எல்லாக் கம்பியையும் ஒரே விரலால் அழுத்தும் 'பார்' பிடியைப் பழக முதல் ஃப்ரெட்தான் மிகக் கடினமான இடம். அதே வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பழகிவிட்டு, வாரத்துக்கு ஒன்றாகக் கீழே இறங்கி வாருங்கள்.

கார்ட் எல்லாம் தெரியும் அக்கா, ஆனா மாத்தும்போது பாட்டு நின்னுடுது.

இடது கைக்காக வலது கை காத்திருக்கிறது, அதுதான் காரணம். இரண்டு நாள் கார்டே பிடிக்காதீர்கள். இடது கையைக் கம்பிமேல் லேசாகப் படுக்கவைத்து, சத்தத்தை அடக்கிவிட்டு, தாளம் தட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 வைத்து வலது கையை மட்டும் மேலும் கீழும் ஓட்டுங்கள். பிறகு ஏ மைனரும் சியும். இவை இரண்டுக்கும் நடுவே மோதிர விரல் மட்டும்தான் இடம் மாறும், மற்ற இரண்டும் அசையவே வேண்டாம். விரல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் சரி, கொரகொரவென்று ஒலித்தாலும் சரி, வலது கை நிற்கக் கூடாது. கேட்பவர்கள் ஒரு தப்புக் கார்டை மன்னித்துவிடுவார்கள், தாளம் விட்டால் உடனே தெரிந்துவிடும்.

தூத்துக்குடியில இருக்கேன். ரெண்டே மாசத்துல கம்பி துருப்பிடிக்குது.

கடல் காற்றும் கை வியர்வையும்தான். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள், உறைக்குள் வையுங்கள். கோட்டிங் போட்ட கம்பி விலை கூடுதல், உங்கள் ஊருக்கு அது லாபம். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் கிட்டாரை விடாதீர்கள். பசை இளகி, உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்த கருவியைப் பார்த்திருக்கிறேன்.

அக்கா, முதல் கேள்வி கேட்டது நான்தான். இப்பவே அளந்தேன், ஆறாவது கம்பி 5 மில்லிமீட்டர் இருக்கு! சரி பண்ண சனிக்கிழமைதான் போக முடியும்.

ஐந்தா! அதோடு ஒரு மாதம் போராடியிருக்கிறீர்கள், உங்கள் விரலில் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை வரை ஆறு கம்பிகளையும் ஒரு முழு ஸ்வரம் (இரண்டு ஃப்ரெட் அளவு) இறக்கி, இரண்டாவது ஃப்ரெட்டில் கேபோ மாட்டுங்கள். சுருதி பழையபடியே இருக்கும், கம்பி தளர்ந்து தாழ்ந்துவிடும். இன்றிரவே சி கார்டைப் பிடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.