பட்டாளத்தார் குடும்பங்களுக்கு உதவ எங்கே தொடங்குவது?

கேள்வி: வள்ளியூர் பக்கம் இருக்கிறேன். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களும், கணவரை இழந்து தனியாக இருக்கும் பெண்களும் நிறைய. பென்ஷன், வைத்தியம் என்று ஆபீஸ் ஆபீஸாக அலைகிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் என்னால் ஒதுக்க முடியும். முறைப்படி உதவ யாரைப் பார்க்க வேண்டும்? என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

பதில்: தனியாகச் சங்கம், லெட்டர் பேடு எதுவும் வேண்டாம். திருநெல்வேலி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் உதவி இயக்குநரையோ நல அமைப்பாளரையோ பாருங்கள். எந்த ஊர்களை நீங்கள் பார்த்துக்கொள்ள முடியும் என்று எழுதிக் கொடுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் விசாரியுங்கள். படைவீரர் குடும்பங்களுக்கான சட்ட உதவித் திட்டம் ஒன்றை தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் தொடங்கியது. அதன்படி படைவீரர் நல அலுவலகங்களில் சட்ட உதவி மையம் அமைகிறது. சட்டம் சார்ந்த தன்னார்வலர்களாக முன்னாள் படைவீரர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் சேர்க்கிறார்கள். நீங்கள் அந்த வகையில் வராவிட்டாலும், குடும்பங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை இருக்கிறது.

ஒரு வீட்டுக்கு முதல்முறை போகும்போது குறையைக் கேட்பதற்கு முன்னால் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் புக் என்கிற பணி விடுவிப்புப் புத்தகம், பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை, வங்கிப் புத்தகம், ஆதார் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். ராணுவ எண், எந்த ரெக்கார்ட் ஆபீஸ் (அவர் இருந்த படைப்பிரிவின் பணிப் பதிவேடுகள் இருக்கும் அலுவலகம்) என்ற இரண்டையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சேப்பர்ஸ் என்கிற பொறியாளர் படை என்றால் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் ஆட்களுக்கு ஜபல்பூர், மின், இயந்திரப் பொறியாளர் பிரிவான இ.எம்.இ.க்கு செகந்திராபாத். மனு தப்பான ஊருக்குப் போனால் அது சுற்றித் திரும்புவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

அடுத்து எல்லாக் காகிதங்களிலும் பெயரையும் பிறந்த தேதியையும் வரிசையாக ஒப்பிடுங்கள். நம் பக்கத்தில் சிக்கல் இங்கேதான் முளைக்கும். இசக்கியம்மாள் என்ற பெயர் ஆங்கிலத்தில் ஒரு காகிதத்தில் ‘I’ எழுத்தில் தொடங்கும், ஆதாரில் ‘E’ எழுத்தில். சுடலைமுத்து ஒன்றில் சேர்த்து எழுதியிருக்கும், இன்னொன்றில் இரண்டாகப் பிரிந்திருக்கும். வடக்கே இருந்த எழுத்தர் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கி வைத்திருப்பார். எழுத்துப் பிழை மட்டும் என்றால் ரெக்கார்ட் ஆபீஸ் பதிவை அடிப்படையாக வைத்து ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்பத் திருத்துவது சுலபம். மனைவியின் பெயரே பதிவில் இல்லை, அல்லது வேறு பெயர் இருக்கிறது என்றால் ரெக்கார்ட் ஆபீஸுக்குத்தான் எழுத வேண்டும். அங்கே பதிவு திருத்தப்பட்டு, பிறகு திருத்தப்பட்ட பி.பி.ஓ. வரும்.

அந்த மனுவில் கணவர் உயிரோடு இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர் போன பிறகு அதே வேலைக்குத் திருமணச் சான்று, வாரிசுச் சான்று, உறுதிமொழிப் பத்திரம் என்று நீண்டுகொண்டே போகும். அதனால் வாரத்தில் உங்களுக்குக் கிடைக்கும் இரண்டு நாளில் ஒரு நாளை, இருவரும் நலமாக இருக்கும் வீடுகளுக்கே ஒதுக்கச் சொல்வேன். “இப்ப எதுக்கு இதெல்லாம்” என்பார்கள். விடாதீர்கள். மனைவியின் பிறந்த தேதி பதிவாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். 80 வயது நிறைந்தால் ஓய்வூதியமும் குடும்ப ஓய்வூதியமும் 20 சதவீதம் கூடும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, 100-இல் இரட்டிப்பு. பிறந்த தேதி இல்லாத ஆச்சிக்கு எத்தனை வயதானாலும் அந்த உயர்வு தானாக வராது.

சாவு விழுந்த வீட்டில் சொல்ல வேண்டிய முதல் விஷயம், இறந்தவர் கணக்கில் இருந்து ஏ.டி.எம். மூலம் பணம் எடுக்க வேண்டாம் என்பது. இறந்த பிறகு வந்த ஓய்வூதியத்தைத் திரும்பப் பிடிப்பார்கள். எடுத்துச் செலவழித்துவிட்டால் அது விதவையின் தலையில்தான் விழும். ஸ்பர்ஷ் என்கிற, பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளத்தில் இறப்பைத் தெரிவித்து, இறப்புச் சான்று, பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் புக், ஆதார், பான், மனைவி பெயரிலான வங்கிப் புத்தகம், படம் ஆகியவற்றோடு குடும்ப ஓய்வூதியம் கேட்க வேண்டும். ஆர்மி குரூப் இன்ஷூரன்ஸில் ஓய்வுக்குப் பிந்தைய நீட்டிப்பு இருந்ததா என்றும் விசாரியுங்கள். பல குடும்பங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

குடும்ப ஓய்வூதியத் தொகை ஏன் குறைந்தது என்ற சந்தேகம் எல்லா வீட்டிலும் வரும். கணக்கு இதுதான். ஓய்வு பெற்றவர் இறந்தால் 7 ஆண்டுகளுக்கு, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்க வேண்டிய நாள் வரை, எது முந்தியதோ அதுவரை, கடைசிச் சம்பளத்தில் பாதி. அதன்பின் 30 சதவீதம். கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்தால் முதலில் 20,000, பிறகு 12,000, இரண்டுக்கும் அகவிலை நிவாரணம் தனி. 75 வயதில் இறந்தவரின் மனைவிக்கு முதல் மாதமே 30 சதவீதம்தான். ஓ.ஆர்.ஓ.பி. என்கிற ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ அட்டவணையால் கையில் வரும் தொகை இதிலிருந்து மாறும். விகிதம் புரிய இது போதும். இதைப் பொறுமையாக விளக்கினால் “பேங்கில் ஏமாற்றுகிறார்கள்” என்ற பேச்சு நிற்கும்.

வாழ்நாள் சான்றில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஜீவன் பிரமாண் என்கிற மின்னணு வாழ்நாள் சான்று போடும்போது ஓய்வூதியம் வழங்கும் இடம் என்ற கட்டத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஸ்பர்ஷுக்கு மாறியவர்கள் அங்கே ஸ்பர்ஷைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் சான்று போட்டதாகச் சீட்டு வரும், பென்ஷன் மட்டும் நின்றுபோகும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றித் தேய்ந்த விரல்களை ரேகைக் கருவி ஏற்காது. நாலு தடவை அழுத்தச் சொல்லி ஆச்சியை வருத்தாமல் செல்போனில் முகப் பதிவு முறைக்குப் போய்விடுங்கள். வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தால் முகம் இருட்டாகிப் பதிவாகாது. திண்ணையில் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வையுங்கள்.

பென்ஷனே இல்லாதவர்களை மறந்துவிடாதீர்கள். 15 ஆண்டு முடிக்காமல் வந்த சிப்பாய்களில் பலருக்கு மாதாந்திர வருமானம் கிடையாது. ஹவில்தார் நிலை வரையிலான, 65 வயது கடந்த, ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் கொடிநாள் நிதியில் இருந்து வறுமை நிவாரணம் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு அது மாதம் 4,000-இல் இருந்து 8,000 ரூபாயாகிவிட்டது. மகள் திருமண உதவியும் 50,000-இல் இருந்து 1,00,000 ஆகியிருக்கிறது. திருமணம் நடந்து 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கல்யாணக் கடனை அடைத்த பிறகு நினைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

வைத்தியத்துக்கு இ.சி.ஹெச்.எஸ். என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. அவசரத்தில் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். தகவல் போன நேரத்தையும் சொன்னவர் பெயரையும் எழுதி வையுங்கள். தூக்கமில்லாமல், குடியில் விழுந்து, சாவைப் பற்றிப் பேசுகிறவரிடம் புத்தி சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைப் போட்டுக் கொடுங்கள், அல்லது திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூடவே போங்கள்.

உங்களுக்கான கட்டுப்பாடுகளும் உண்டு. அசல் காகிதத்தை ஒரு இரவுகூட உங்கள் வீட்டில் வைக்காதீர்கள். ஓ.டி.பி., கடவுச்சொல், ஏ.டி.எம். அட்டை எதையும் வாங்காதீர்கள். டீச் செலவுக்கு என்றாலும் காசு வேண்டாம். ஒரு வீட்டுக் கதையைப் பக்கத்து வீட்டில் சொல்லாதீர்கள். இரண்டு மனைவிகள் உரிமை கேட்கும் வீட்டில் யார் பக்கமும் நிற்காமல் சட்ட உதவி மையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

ராணுவத்தின் ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்ட கோப்பு வந்தால் முதலில் மறுப்புக் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். மேல்முறையீடுகள் முடிந்து இறுதி உத்தரவு வந்திருந்தால், சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாய அமர்வுக்குப் போக பொதுவாக 6 மாதம்தான் அவகாசம். வாதத்தை நீங்கள் எழுத முயல வேண்டாம். மருத்துவக் குழுவின் அறிக்கையும் மறுப்புக் கடிதமும் இருக்கின்றனவா என்று சரிபார்த்து அந்த வாரமே வழக்கறிஞரிடம் சேர்த்துவிடுங்கள்; நகல் ஒன்றை அந்த வீட்டுப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள்.