கொம்பனி குடுத்ததோ, வேலையாக்கள் குடுத்ததோ?

கேள்வி: அமெரிக்கத் தேர்தல் நேரம் கூகுள் இவருக்கு இவ்வளவு டொலர் குடுத்தது எண்டு நியூஸில போடினம், கொம்பனியே குடுக்கிறதோ? நாளைக்கு எங்கட பொஸ்சும் சம்பளத்தில வெட்டிக் கட்சிக்குக் குடுத்தா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: இல்லைத் தங்கச்சி. அங்க மத்திய தேர்தல் வேட்பாளருக்குக் கொம்பனி தன்ர காசை நேரடியாக் குடுக்கேலாது, வேலை செய்யிற ஆக்கள்தான் சொந்தக் காசில குடுக்கினம், அது 200 டொலருக்கு மேல போனா எங்க வேலை எண்டதும் கணக்கில வரோணும், அந்தக் கொம்பனிப் பேரை வச்சுக் கூட்டிப்போட்டுத்தான் தலைப்புப் போடுறது. பொஸ் குடுக்கச் சொல்லி, பிறகு போனஸ் எண்டு அந்தக் காசைத் திருப்பித் தந்தா அது அங்க குற்றம். சரியான சட்டம்தான்.

இங்க இலங்கையில தேர்தல் செலவை ஒழுங்குபடுத்துற 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி வேட்பாளர் ரிசல்ட் வந்து 21 நாளுக்குள்ள வரவு செலவுக் கணக்குக் குடுக்கோணும். உங்கட சம்மதம் இல்லாம பொஸ் கட்சிக்கெண்டு சம்பளத்தில வெட்டேலாது. சம்பளச் சிட்டையை ஒவ்வொரு மாசமும் பாருங்கோ, வெட்டியிருந்தா சிட்டையோட நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்துக்குப் போங்கோ, பயப்பிடாதேங்கோ.