28 வருடப் பழைய டொல்பின் கேம்பர் வானை வைத்திருப்பதா, மாற்றுவதா?

மீற்றரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். தகரத்தைப் பார்த்து முடிவெடுங்கோ.

நீங்கள் எழுதியது: 1997ஆம் ஆண்டு டொல்பின் (பழைய ரொயோற்றா ஹையேஸ் வான்), 3எல் இஞ்சின், 4,60,000 கிலோமீற்றர். பின் சீற்றுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, சின்னக் குளிர்சாதனப் பெட்டி வைத்திருக்கிறீர்கள். வருடத்தில் நாலைந்து தரம் யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமம், நுவரெலியா, அறுகம்பை என்று குடும்பத்தோடு போய்வருகிறீர்கள். இதைத் திருத்தி ஓடுவதா, விற்றுவிட்டுக் கே.டி.எச். (அதற்குப் பின் வந்த ஹையேஸ்) எடுப்பதா என்பது கேள்வி.

3எல் என்பது 2,779 சீசீ, ரேர்போவும் கணினியும் இல்லாத டீசல் இஞ்சின். தேய்ந்தால் ஓவரோல், அதாவது பிரித்துத் தேய்ந்ததை மாற்றிப் பூட்டுகிற வேலை, செய்யலாம். அதுவும் சரிவராவிட்டால் வேறு இஞ்சின் இறக்கி, இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் மாற்றிக்கொள்ளலாம். கியர்பொக்ஸும் அப்படித்தான். உடம்புக்கு மட்டும் அந்த வழி இல்லை. டொல்பினில் லொறிக்கு இருப்பதுபோலத் தனிச் செஸி கிடையாது. அடியில் ஓடும் சட்டங்கள் தரைத் தகரத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டவை. அவை உக்கினால் வான் முடிந்தது. இதைச் சொன்னால் பழைய வானைக் கட்டி அழச் சொல்கிறேன் என்று சிலர் வருவார்கள். இல்லை. சட்டம் உக்கிய வானை இன்றைக்கே ஓட்டத்தால் எடுக்க வேண்டும் என்றுதான் கீழே எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் உக்கல் மற்ற இடங்களைவிடக் கெதியாக வருகிறது. பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம், புங்குடுதீவுப் பாதை எல்லாம் கடலை ஊடறுத்துப் போகிறவை. சோளகம் அடிக்கிற நேரம் உப்புத் துமி வானின் அடிவயிறு முழுக்கப் படியும். அதைக் கழுவுகிறோம் என்று உவர்க் கிணற்றுத் தண்ணீரைப் பம்பில் அடித்தால் உப்பின்மேல் உப்பு. நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள இடத்தில்தான் அடி கழுவ வேண்டும்.

ஆகவே முதல் வேலை, கட்டிலையும் தரைப் பலகையையும் கழற்றுவது. ஒரு நாள் போகும், ஆனால் அதைச் செய்யாமல் எந்த முடிவும் எடுக்க ஏலாது. கேம்பராக மாற்றிய வான்களில் தண்ணீர்த் தாங்கியின் பொருத்து, சிங்கின் கழிவுக் குழாய், கூரையில் சோலர் தட்டுக்குப் போட்ட ஆணித் துளை ஆகிய மூன்று இடங்களால் நீர் இறங்கிப் பலகைக்கு அடியில் வருடக்கணக்காக நிற்கும். மேலே பார்க்க எல்லாம் வடிவாகத்தான் இருக்கும்.

பிறகு ஒரு பழைய ஸ்குறூ டிரைவரும் சின்னச் சுத்தியலும் எடுத்து வானுக்கு அடியில் போங்கோ. ஜக்கை மட்டும் நம்பிப் போகக் கூடாது, ஸ்ராண்ட் வைத்துத்தான். கதவுக்குக் கீழுள்ள படிப் பெட்டி, சில்லு வளைவுகள், ஜக் வைக்கிற இடம், முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, கூரை ஓரத்து நீரோடை எல்லாவற்றையும் தட்டுங்கோ. நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும், உக்கினது மொத்தையாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குறூ டிரைவரைக் குத்துங்கோ. பெயின்ற் பூசிய பக்கங்களில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை ஓட்டுங்கோ. ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, புட்டி இருக்கிறது.

படிப் பெட்டியும் சில்லு வளைவும் உக்கியிருந்தால் பயப்பட வேண்டாம். நல்ல ரிங்கர்காரர் உக்கினதை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வளைத்து ஒட்டுவார். உக்கினதற்கு மேலே தகரம் வைத்து ஒட்ட விடக்கூடாது. இரண்டுக்கும் இடையில் ஈரம் நின்று இரண்டையும் தின்னும். ஒட்டி முடிந்ததும் உட்புறத்துக்கு மெழுகு அடிக்க வேண்டும், பெட்டியின் அடியிலுள்ள வடிதுளைகளைத் திறந்து விட வேண்டும். துருவைச் சுரண்டாமல் கறுப்புத் தார் பூசுவது துருவுக்குப் போர்வை போர்த்துவது மாதிரி. பழைய இஞ்சின் ஒயில் அடிப்பதும் வேண்டாம், றப்பர் புஷ்கள் ஊதிப் பழுதாகும்.

ஆனால் பின் ஸ்பிரிங் பட்டைகளின் தாங்கி, முன்பக்கம் ரோர்ஷன் பார் (ஸ்பிரிங் வேலை செய்கிற முறுக்குக் கம்பி) பிடித்திருக்கிற குறுக்குச் சட்டம், ஸ்ரியரிங் பூட்டியிருக்கிற இடம், இந்த மூன்றில் ஒன்றில் ஸ்குறூ டிரைவர் உள்ளே போனால் கணக்குப் பார்க்க வேண்டாம். இஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாகங்களாக விற்றுவிடுங்கோ. அந்த நிலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவது சரியில்லை.

தகரம் தப்பினால் இஞ்சினுக்கு வாருங்கோ. விடிய, கை வைத்தால் குளிராக இருக்கிற நேரத்தில் ஸ்ராட் செய்து பாருங்கோ. குளிர் இஞ்சினைச் சூடாக்கிப் பிடிக்க வைக்கிற குளோ பிளக் நாலும் நல்லதாக இருந்தும் நீண்ட நேரம் சுற்றித்தான் பிடிக்கிறதென்றால் கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற அழுத்தம்) குறைந்திருக்கிறது. ஊகிக்காமல் அளந்து பாருங்கோ. இஞ்சினைச் சூடாக்கி, குளோ பிளக்குகளைக் கழற்றி, பம்பின் டீசல் நிறுத்தும் சொலினொயிட் வயரைக் கழற்றிவிட்டு, டீசலுக்குரிய கேஜ் பூட்டிச் சுற்ற வேண்டும். பெற்றோல் கேஜ் இதைத் தாங்காது. நல்ல 3எல் இஞ்சினில் 455 பீ.எஸ்.ஐ. அளவு காட்டும். 284க்குக் கீழே போனால் ஓவரோல் நேரம். நாலு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசம் 71க்கு மேல் போகக் கூடாது. நாலும் 340, 350 என்று ஒரே மாதிரி நின்றால் 4,60,000 என்ற எண்ணை மறந்துவிடுங்கோ. ஒன்று மட்டும் குறைந்தால் முதலில் வால்வ் இடைவெளியைப் பார்க்க வேண்டும். குளிரில் உள்வால்வ் 0.20 முதல் 0.30 மில்லிமீற்றர், வெளிவால்வ் 0.40 முதல் 0.50. இடைவெளி இறுகி வால்வ் சரியாக மூடாமல் நின்ற இஞ்சினை, பிஸ்ரன் போய்விட்டது என்று பிரித்துப்போடுவது நடக்கிறது.

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இல்லை. சாவகச்சேரிக்கும் பருத்தித்துறைக்கும் ஓடுகிற வானில் இஞ்சின் சூடாகிற குறை தெரியவே தெரியாது. ஏ9 வழியில் தம்புள்ளை மட்டும் போனாலும் தெரியாது. நுவரெலியா போகிற வழியில் றம்பொடை ஏற்றத்தில், ஆட்களும் சாமானும் நிறைந்திருக்கிற நேரத்தில்தான் தெரியவரும். அதனால் சோதனையை ஊரிலேயே கொஞ்சம் கடுமையாகச் செய்ய வேண்டும். தாங்கியை நிரப்பி, ஆட்களை ஏற்றி, ஏ.சி. போட்டு, மூன்றாம் கியரிலேயே அரை மணித்தியாலம் ஓடிப் பாருங்கோ. முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

காரணம் அநேகமாக இந்த நாலில் ஒன்று. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லிலிருந்து வருகிற வன்னீர். அதை ரேடியேற்றருக்குள் வருடக்கணக்காக ஊற்றினால் கேத்தலுக்குள் படிகிற மாதிரி வெள்ளைப் படிவு குழாய்களை அடைக்கும். வடித்த நீரும் கூலன்றும் மட்டும்தான் ஊற்ற வேண்டும். இரண்டாவது, விசிறியின் நடுவிலுள்ள கிளச்சின் சிலிக்கன் எண்ணெய் கசிந்து, விசிறி சோம்பேறித்தனமாகச் சுற்றுவது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஜப்பானிலிருந்து வந்த டொல்பின்களில் பின்பக்கச் சூடேற்றிக்கு இரும்புக் குழாய்கள் வானின் அடியால் போகின்றன. அவை துருப்பிடித்து ஓட்டையாகிக் கூலன்றைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடும். முள் ஏறுவதற்கிடையில் தண்ணீர் போய்விடும். எங்களுக்கு அந்தச் சூடேற்றி தேவையே இல்லை. இஞ்சின் பக்கத்திலேயே இரண்டு முனைகளையும் ஒரு நல்ல ஹோஸால் இணைத்துக் கிளிப் இறுக்கிவிட்டால் அந்தத் தலையிடி அதோடு சரி. நாலாவது, இஞ்சினுக்கும் அதன் மேல் ஹெட்டுக்கும் இடையில் இருக்கிற ஹெட் கஸ்கெற் பழுதாவது. குளிர் இஞ்சினை ஸ்ராட் செய்த சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் அதுதான். ஹெட்டை இறக்கினால் லேத்தில் கொடுத்து வெடிப்பும் வளைவும் பார்க்க வேண்டும், 0.20 மில்லிமீற்றருக்கு மேல் வளைந்திருந்தால் அப்படியே பூட்டக் கூடாது. போல்ற்றுகளை 78 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, பிறகு 90 பாகையாக இரண்டு தரம் திருப்ப வேண்டும். கைக்கணக்கில் இறுக்குகிற கராச்சில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

ரைமிங் பெல்ற்றை 1,00,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று எழுத்தில் இல்லையென்றால் இப்போதே மாற்றுங்கோ, அதோடு ரென்ஷனர் பேரிங்கையும் ஒயில் சீல்களையும். இந்த இஞ்சினில் பெல்ற் அறுந்தால் வால்வ் பிஸ்ரனில் அடிக்கும்.

கேம்பர் என்பதால் பாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 8க்கு 4 அடி பிளைவூட் பலகை, 18 மில்லிமீற்றர் கனம் என்றால், ஒன்றே 30 கிலோ. 100 லீற்றர் தண்ணீர் 100 கிலோ. பற்றரி, கட்டில், காஸ் சேர்ந்தால் ஆட்கள் ஏறாமலே ஐந்தாறு பேரின் பாரம் ஆகிவிடும், அதுவும் பின் அச்சில். ஒரு தரம் லொறி நிறுக்கிற தராசில் நிறுத்துப் பாருங்கோ. பின் அச்சுக்கு மேலே பிறேக் அழுத்தத்தைப் பாரத்துக்கேற்ப மாற்றுகிற ஒரு வால்வ் இருக்கிறது; அதன் கம்பி துருப்பிடித்து இறுகினால் மலை இறக்கத்தில் பின் பிறேக் வேண்டிய அளவு பிடிக்காது. பிறேக் குழாய்களையும் அதே நேரம் பாருங்கோ. கேம்பர் அதிகம் ஓடாததால் ரயர் தேயாமலே வயசாகும். பக்கத்தில் உள்ள நாலு இலக்கத்தில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. பூ நிறைய இருந்தாலும் அதை மாற்றுங்கோ. காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும்; சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கிற துவாரம் இல்லையென்றால் அடுப்பைக் கழற்றி வையுங்கோ.

இனிக் கே.டி.எச். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் ஏறிய விலையின் சுமை இன்னும் பழைய வான்களில் நிற்கிறது. உங்களுடையதற்கும் நல்ல விலை வரும், வாங்கப் போவதற்கும் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். 2006ஆம் ஆண்டுக் கே.டி.எச்.சும் ஏறக்குறைய 20 வருடப் பழசுதான். அதன் டீசல் இஞ்சினில் இன்ஜெக்ரரின் செம்பு வாஷர் கசிந்தால் எரிந்த வாயு ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் தார் மாதிரித் தடித்து, சம்ப்புக்குள் (இஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தட்டு) ஒயிலை உறிஞ்சுகிற இடத்தில் இருக்கிற வடியை அடைக்கும். ஒயில் லாம்பு எரிகிறபோது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். வாங்க முன்னர் சம்ப்பை இறக்கி வடியைப் பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம். அவரது மீற்றர் 1,80,000 என்று சொல்லும். பெடல் றப்பரையும் ஸ்ரியரிங்கின் தோலையும் சாரதிக் கதவின் பிணைச்சலையும் பாருங்கோ, அவை பொய் சொல்லாது. உங்கள் 4,60,000 உங்களுக்குத் தெரிந்த உண்மை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கலியாண வீட்டு வாசலில் பழைய வானில் போய் இறங்குவது வெட்கம் என்று நினைத்து, ஓடுகிற வானைக் கொடுத்துவிட்டு லீசிங்கில் புது உருவம் எடுக்கிற குடும்பங்கள் ஊரில் எத்தனை. இரண்டு மாதத் தவணை பிந்தினால் வீட்டு வாசலில் வந்து வானை எடுத்துக்கொண்டு போகிறார்கள். தோட்டக்காரரின் வருமானம் மாதாமாதம் வருவதில்லை என்று கடன் கொடுக்கிறவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கொடுக்கிறார்கள். உங்களிடம் முழுக்காசு கையில் இருந்தால் இது உங்களுக்கில்லை. இல்லையென்றால் நன்றாக யோசியுங்கோ.

கணக்கு இப்படிப் போடுங்கோ. உங்கள் வானுக்கு அடுத்த இரண்டு வருடத்தில் வேண்டிய வேலை எல்லாவற்றுக்கும் கராச்சில் எழுத்தில் விலை கேளுங்கோ. கே.டி.எச்.சுக்கு நீங்கள் மேலதிகமாகப் போட வேண்டிய காசையும், அதை வாங்கியவுடன் செய்ய வேண்டிய பெல்ற், இன்ஜெக்ரர் வாஷர், ரயர், கட்டில் அடுப்பு மாற்றிப் பூட்டுகிற கூலியையும் கூட்டுங்கோ. முதல் தொகை இரண்டாவதில் மூன்றிலொரு பங்குக்குள் நின்று, சட்டங்களும் தப்பியிருந்தால், வைத்திருங்கோ. அரைவாசியைத் தாண்டினால் விற்கலாம். இடையில் நின்றால் மலைக்கு எத்தனை தரம் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கோ. அடிக்கடி போகிறவருக்கு 3எல்லின் இழுவை போதாது, அதை எந்தத் திருத்தமும் மாற்றாது.

விற்பதென்றால் கட்டிலோடு விற்க வேண்டாம். இங்கே வான் வாங்குகிறவர்கள் சீற்று எண்ணித்தான் விலை பேசுவார்கள், உங்கள் தச்சு வேலைக்குக் காசு தரமாட்டார்கள். பழைய சீற்றுகள் கொட்டிலில் கிடந்தால் எடுத்துப் பூட்டுங்கோ; பற்றரி, சோலர் தட்டு, குளிர்சாதனப் பெட்டி மூன்றையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கோ, அடுத்த வானுக்கு அப்படியே போகும்.