பல்கலைக்கழக நூலகத்தில் மாணவர்களுக்குப் பகுதி நேர வேலை கிடைக்குமா? படிப்பு கெடாதா?

அமெரிக்காவில் முதுகலை படிக்கும் உங்கள் அண்ணன் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்துக் கைச்செலவைச் சமாளிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் விடுதியில் தங்கி எம்.ஏ. படிக்கவிருக்கும் உங்களுக்கும் அப்படி ஒரு வேலை கிடைக்குமா, கிடைத்தால் படிப்பு என்னவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும், ஆனால் உங்கள் அண்ணனுக்குக் கிடைத்த அளவுக்கு எளிதாகக் கிடைக்காது. வேலை நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் படிப்பும் கெடாது. 2011 முதல் 2013 வரை பொருளாதாரம் முதுகலை படித்தபோது சென்னையில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வேலை பார்த்தவள் நான். இப்போது புறநகரில் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். ஆண்டுதோறும் நான்கைந்து மாணவர்களை இந்த வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன். அதனால் மேசையின் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்ததை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் படிக்கும் மாணவர்களுக்கு வளாகத்திலேயே வேலை கொடுக்கக் கூட்டரசு நிதி தரும் ஏற்பாடு 1964ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருந்து வருகிறது. அந்த நிதி வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது என்றாலும், எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் போனவர்கள் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். அங்கே மாணவர்கள் இல்லாவிட்டால் பல நூலகங்களின் மாலை நேரக் கவுன்ட்டரே இயங்காது. இங்கே நிலைமை வேறு. நம் நூலகங்கள் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களை வைத்து நடப்பவை; மாணவர்கள் துணைக் கைகளாகவே வருகிறார்கள். ‘படிக்கும்போதே சம்பாதியுங்கள்’ என்பது போன்ற திட்டங்களை நிறுவனங்கள் தங்கள் வசதிப்படி நடத்துகின்றன. சில இடங்களில் அது பெயரளவில்கூட இருக்காது. பெரும்பாலும் கிடைப்பது மாலையில் நூல்களை அடுக்கும் வேலை, கோடை விடுமுறையில் இருப்புச் சரிபார்க்கும் வேலை, ஆய்வேடுகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலை ஆகியவைதான். கடைசியாகச் சொன்னது பெருகியதற்குக் காரணம் உண்டு: முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலும் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி கொண்டுவந்தது, அவை ‘சோத்கங்கா’ என்னும் தேசியக் களஞ்சியத்துக்குப் போகின்றன. நூலக அறிவியல் பட்டம் பெற்றவர்களை ஓராண்டுப் பயிற்சியாளர்களாக எடுப்பது தனி ஏற்பாடு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நூல் அடுக்குவது அறிவு தேவைப்படாத வேலை என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். அந்த எண்ணம் உங்களுக்கு இருந்தால் முதல் நாளே விட்டுவிடுங்கள். சென்னைக் கல்லூரிகள் பலவற்றிலும், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பு முறைதான் நடைமுறையில் இருக்கிறது. அதில் வேளாண்மைப் பொருளாதாரத்துக்கு 338.1 என்பது எண். அதன் பின்னால் 095482 சேர்ந்து 338.1095482 என்றானால் தமிழ்நாட்டு வேளாண்மை. இந்த நீண்ட எண்ணைப் பார்த்ததும் புதியவர்களுக்கு இது பெரிய எண், கடைசியில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் புள்ளிக்குப் பிறகு ஒவ்வோர் இலக்கமாகத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இது 338.1க்கு அடுத்தும் 338.16க்கு முன்பும் வரும். பள்ளியில் தசம எண்களைப் படித்த நமக்கு இது தெரியாததல்ல. ஆனால் மாலை ஆறு மணிக்குத் தள்ளுவண்டி நிறைய நூல்களோடு, ஓரம் தேய்ந்து மை மங்கிய முதுகுச் சீட்டுகளை ரேக்குகளுக்கு நடுவே குனிந்து படிக்கும்போது கை பழைய பழக்கத்துக்குப் போய்விடும்.

சேர்ந்த இரண்டாவது மாதத்தில் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இரவுப் பேருந்தில் வந்திருந்த ஓர் ஆய்வு மாணவர், நெல் சாகுபடி பற்றிய பழைய அறிக்கை ஒன்றைக் கேட்டார். கணினியில் ‘உள்ளது’ என்று காட்டியது, ரேக்கில் இல்லை. நானும் அவரோடு சேர்ந்து அரை மணி நேரம் தேடினேன். மாலை வரை உட்கார்ந்திருந்துவிட்டு அவர் கிளம்பிப் போனார். பத்தொன்பது நாள் கழித்து, வரிசை சரிபார்க்கும்போது, இரண்டு ரேக் தள்ளி 338.9க்குப் பக்கத்தில் அந்த அறிக்கை நின்றது. பழுப்பு ரெக்சின் அட்டை, முதுகில் கையெழுத்தில் எழுதிய எண். திரும்பி வந்த தேதியைப் பார்த்தேன், அன்று அடுக்கும் முறை என்னுடையது. எங்கள் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உதவியாளராக இருந்த அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் திட்டவில்லை. வாசலில் வைத்திருக்கும் வருகைப் பதிவேட்டை எடுத்து, பின்னால் புரட்டி, அந்த மாணவரின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து, “நீயே பேசிச் சொல்லும்மா” என்றார். நான் பேசினேன். எதிர்முனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “எந்த ரேக்கில் இருந்தது?” என்று மட்டும் கேட்டார். அவருக்கு வேண்டிய பதினான்கு பக்கங்களையும் நகலெடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், இடம் மாறிய நூல் கணக்கிலும் காணாமல் போன நூலாகவே ஆகிவிடுகிறது என்பதுதான். மத்திய அரசின் பொது நிதி விதிகளின்படி, 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழு இருப்பையும் சரிபார்க்க வேண்டும். 50,000 வரை என்றால் மூன்றாண்டுக்கு ஒரு முறை. அதற்கும் மேலே போனால் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்த்தால் போதும். ஓராண்டில் வாசகர்கள் எடுத்துச் சென்ற அல்லது உள்ளேயே எடுத்துப் பார்த்த ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை குறைந்தால் அதை இயல்பான இழப்பாக ஏற்கலாம் என்றும் விதி இருக்கிறது. அந்த ஐந்தில் எத்தனை உண்மையிலேயே போனவை, எத்தனை அடுத்த ரேக்கில் நிற்பவை என்பது அடுக்குகிறவரின் கையில் இருக்கிறது. இலட்சக்கணக்கில் நூல் உள்ள பெரிய நூலகத்தில் தவறாக வைத்த ஒன்று மறுபடி கண்ணில் பட ஆண்டுகள் ஆகலாம்.

இந்த ஊரில் இருந்துகொண்டு எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். தொடக்கத்தில் வேலை பிடிக்காமல், வகுப்பறைக்கே திரும்பிவிட நினைத்தவர் அவர். இலண்டனுக்குப் போய்ப் பயின்று வந்த பிறகு அவருக்கு அந்த எண்ணம் மாறியது. 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நூலக அறிவியல் படிக்கிறவர்கள் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வார்கள். எனக்கு அந்த விதி விளங்கியது தஞ்சாவூர்க்காரரிடம் தொலைபேசியில் பேசிய அன்றுதான்.

அடுத்து, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு சங்கடம். நீங்கள் கவுன்ட்டரில் உட்கார்ந்தால் உங்கள் வகுப்பு நண்பர்கள் உங்களிடம் வருவார்கள். “அந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்” என்பார்கள், “தாமதக் கட்டணத்தைக் கொஞ்சம் கண்டுகொள்ளாமல் விடு” என்பார்கள். தேர்வு நெருங்கும்போது, ஒரே ஒரு பிரதி உள்ள பாடநூலை வேறு ரேக்கில் மற்ற நூல்களுக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டுப் போகிறவர்களையும் நீங்கள் பார்ப்பீர்கள், அவர்களில் ஒருவர் உங்கள் அறைத் தோழியாகவும் இருக்கலாம். யார் என்ன படிக்கிறார் என்பதை எவரிடமும் சொல்லக் கூடாது. முன்பதிவு செய்து வைக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். ஒளித்து வைத்த நூலைப் பேசாமல் எடுத்து உரிய இடத்தில் வையுங்கள். என் தோழி ஒருத்தி இதற்காக ஒரு பருவம் முழுக்க என்னோடு பேசவில்லை. அந்த வருத்தம் எனக்கு இப்போதும் உண்டு, ஆனாலும் மறுபடி அதையேதான் செய்வேன்.

படிப்புக்கு வருகிறேன். நவம்பரிலும் ஏப்ரலிலும் பருவத் தேர்வு. நூலகத்தில் கூட்டம் அலைமோதுவதும், எல்லோரும் நூலோ கட்டணமோ பாக்கி இல்லை என்னும் ‘நோ டியூஸ்’ சான்று கேட்டு நிற்பதும் அதே மாதங்களில்தான். உங்களுக்கு நேரம் மிகக் குறைவாக இருக்கும்போது நூலகத்துக்கு உங்கள் தேவை மிக அதிகமாக இருக்கும். ஆகவே, தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களில் எத்தனை மணி நேரம் வர முடியும் என்பதைச் சேரும்போதே எழுத்தில் தந்துவிடுங்கள். நவம்பர் என்றால் சென்னையில் வடகிழக்குப் பருவமழையும் கூடவே வந்துவிடும். கீழ்த் தட்டுகளைக் காலி செய்து மேலே ஏற்றும் வேலையும் ஈரம் பார்த்து இராமபாணப் பூச்சி வருகிறதா என்று புரட்டிப் பார்க்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். தூசு ஒவ்வாதவர்கள் முகக்கவசம் இல்லாமல் பழைய தொகுதிகளைத் தொட வேண்டாம். கவுன்ட்டரில் உட்கார்ந்தே பாடம் படித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைப்பதே அரிது.

மாலை எட்டு மணி வரை முறை என்றால் விடுதிக் காப்பாளருக்கு நூலகரிடமிருந்து கடிதம் வாங்கித் தர வேண்டியிருக்கும். ஊதியம் எப்போது, எப்படி வரும் என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். எனக்கு மணிக்கு 40 ரூபாய் பேசினார்கள். ஆனால் மாதாமாதம் வரவில்லை, மூன்று மாதத்துக்குச் சேர்த்து ஒரு முறை வந்தது. உணவு விடுதிக் கட்டணத்துக்கு அதையே நம்பியிருந்த எனக்கு முதல் பருவம் மிகவும் சிரமமாகப் போனது. இன்று என் மாணவர்களுக்கு மாதம் பிறந்த முதல் வாரத்தில் பணம் போய்விட வேண்டும் என்று நான் அலுவலகத்தோடு சண்டை போடுவது அதனால்தான்.

இத்தனை சிரமத்துக்குப் பிறகும் இந்த வேலையை நான் சொல்வதற்குக் காரணம், அது தேடக் கற்றுக்கொடுக்கிறது. ரகரத்தில் தேடிக் கிடைக்காத ‘ராமசாமி’, இகரத்தில் ‘இராமசாமி’ என்று இருப்பார். தலைப்பெழுத்தை முன்னால் போட்டுத் தேடினால் ஓர் ஆசிரியர் அகப்படமாட்டார், பின்னால் போட்டால் அகப்படுவார். தமிழ் நூலின் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஏற்றிய பழைய பதிவுகளில் ழகரத்தை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். இவையெல்லாம் தெரியாத ஒருவர் ‘நூலகத்தில் அந்த நூல் இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவார். என் முதுகலை ஆய்வுக்கான தலைப்பே தள்ளுவண்டியில்தான் கிடைத்தது: பாசனக் குளங்கள் பற்றிய நூல்கள் வேறு வேறு துறைக்காரர்களிடமிருந்து அடிக்கடி திரும்பி வருவதைப் பார்த்து, ஒருநாள் அவற்றில் ஒன்றைப் பிரித்தேன்.

நீங்கள் ஜூன் கடைசியில், வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே துறைத் தலைவர் வழியாக நூலகருக்கு ஒரு பக்க விண்ணப்பம் கொடுங்கள். அந்த ஆண்டு இடம் இல்லை என்றால் ஏப்ரலில் மறுபடி போய், கோடை இருப்புச் சரிபார்ப்புக்கு ஆள் தேவையா என்று கேளுங்கள். அந்த வேலையை ஒழுங்காகச் செய்தவர்களைத்தான் நாங்கள் அடுத்த ஆண்டு மாலை முறைக்குக் கூப்பிடுகிறோம். நூல்களை எவ்வளவு நேசிக்கிறீர்கள் என்று விண்ணப்பத்தில் பத்தி பத்தியாக எழுத வேண்டாம். உங்கள் வகுப்பு நேர அட்டவணையை இணைத்து, எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு வர முடியும் என்பதை அதில் குறித்துக் கொடுங்கள். விண்ணப்பங்கள் வந்தால் நான் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.